மேட் சீசனின் ‘அபவ்’: க்ரஞ்ச், சூப்பர்குரூப், அகநோக்கு என்றால் என்ன?

மேட் சீசன் என்ற சியாட்டில் குழு போட்டது ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம். பெயர் ‘அபவ்’. 1995 மார்ச் 14 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். இதைப் பற்றிப் பேச்சு வந்தால், “க்ரஞ்ச் சூப்பர்குரூப் ஒன்றின் அகநோக்கு ராக் ஆல்பம்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த மூன்று சொல்லும் தளர்வாகப் புழங்குபவை. க்ரஞ்ச் என்றால் கிழிந்த ஜீன்ஸும் சோகமும், சூப்பர்குரூப் என்றால் நட்சத்திரக் கூட்டம், அகநோக்கு என்றால் மெதுவான அழுகைப் பாட்டு. இந்த நினைப்போடு ஆல்பத்தைப் போட்டால் முதல் பாட்டிலேயே குழம்பிப்போவீர்கள். ஏழரை நிமிடம் ஓடும் ‘வேக் அப்’ பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் ஆர்ப்பாட்டமே இல்லை. பேஸ் கிட்டார் ஒரு சின்ன அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, அதன் மேல் ஒரு தட்டு வாத்தியத்தின் மெல்லிய ஓசை, அதற்கும் மேல் குரல். எங்கே க்ரஞ்ச்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

## க்ரஞ்ச்: முதலில் சொல், பிறகு சத்தம்

க்ரஞ்ச் என்பது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டிலைச் சுற்றி, 1980களின் நடுவில் உருவான ராக் இசை. பங்க் இசையின் முரட்டுத்தனமும் ஹெவி மெட்டலின் கனமும் கலந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அழுக்கு, பிசுக்கு என்று பொருள். 1987இல் சப் பாப் என்ற சின்ன ரெக்கார்டு நிறுவனம் கிரீன் ரிவர் குழுவின் தட்டை விற்பதற்கு இந்தச் சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தியது. அதாவது விற்பனைச் சீட்டாக ஊர் முழுக்கப் பரவிய சொல் இது. பிறகு நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போகாத நான்கு குழுக்களின் மேலும் அதே சீட்டை ஒட்டிவிட்டார்கள்.

சீட்டை நம்பி ஏமாறுவது பெரிய பத்திரிகைக்கும் நடந்தது. 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் ‘க்ரஞ்ச் ஆட்களின் பேச்சுவழக்கு’ என்று ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. சப் பாப்பில் முன்பு வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர் தொலைபேசியில் வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டார், அவர்கள் அப்படியே அச்சேற்றினார்கள். ஒரு சொல்கூட நிஜமில்லை. சட்டையையும் பேச்சையும் வைத்து க்ரஞ்சை விளக்க முயல்பவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது.

சட்டை இருக்கட்டும். சத்தத்துக்கு வருவோம்.

திருவிழாப் பந்தலில் குழாய் ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தால் பாட்டு கிழிகிறது அல்லவா? அதுதான் டிஸ்டார்ஷன். கிட்டாரிலிருந்து வரும் மின் அலை மேலும் கீழும் வளைந்து ஓடுகிறது. ஆம்ப்ளிஃபையர் தாங்கும் உயரத்துக்கு மேல் அதை ஏற்றினால் அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்படுகின்றன. அப்படி வெட்டும்போது, முன்பு இல்லாத புதிய சுரங்கள் பிறக்கின்றன. மூலச் சுரம் 110 ஹெர்ட்ஸ் என்றால் 220, 330, 440 என்று அதன் மடங்குகள் கூடச் சேர்ந்துகொள்ளும். பந்தலில் இது கோளாறு. கிட்டாரில் வேண்டுமென்றே செய்யும் அலங்காரம்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒற்றைச் சுரத்தை மட்டும் இப்படி வெட்டினால் மடங்குகள் மட்டும் வரும், காதுக்கு இதமாகவே இருக்கும். இரண்டு சுரத்தைச் சேர்த்து வெட்டினால் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் ஒரு தனிச் சுரமாக ஒலிக்கும். 110 ஹெர்ட்ஸோடு 165 ஹெர்ட்ஸ் சேர்ந்தால் வித்தியாசம் 55. அது 110க்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, அதாவது அதே சுரத்தின் மந்திரம். கிட்டார் திடீரென்று தடித்து இறங்கியது போல் கேட்கும். 110ஐயும் 138.6ஐயும் சேர்த்தால் வித்தியாசம் 28.6. அது எதோடும் ஒட்டாது. சேறு கலக்கியது போல் ஒலிக்கும். நம் கணக்கில் சொன்னால், டிஸ்டார்ஷனில் ச-ப சேர்க்கை தாங்கும், ச-க சேர்க்கை திணறும். ச-ப இரண்டை மட்டும் வைத்து வாசிக்கும் சேர்க்கைக்குத்தான் பவர் கார்ட் என்று பெயர். க்ரஞ்ச் கிட்டாரின் பாதி ரகசியம் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி டிராப் டி. கிட்டாரின் ஆறாவது தந்தி, அதாவது தடித்த தந்தி, வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் நிற்கும் ஈ சுரம். அதை முழுச் சுரம் ஒன்று தளர்த்தி 73.4 ஹெர்ட்ஸ் டிக்கு இறக்குவதுதான் டிராப் டி. இறக்கியபின் 6, 5, 4 ஆகிய மூன்று தந்திகளும் டி, ஏ, டி என்று நிற்கும். ச-ப-ச. தம்புராவோடு பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். இனி பவர் கார்டுக்கு மூன்று விரல் தேவையில்லை. ஒரே விரலை மூன்று தந்தியின் மேல் படுக்கப்போட்டு மேலும் கீழும் நகர்த்தினால் போதும். சவுண்ட்கார்டனின் ‘அவுட்ஷைன்ட்’ பாட்டில் கேட்கும் கனமான நடை இப்படிப் பிறந்ததுதான். இப்படித் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் சொற்றொடருக்கு ரிஃப் என்று பெயர்.

கையில் கிட்டார் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம். நான்காவது தந்தியை மீட்டி ஒலிக்க விட்டுவிட்டு ஆறாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இரண்டும் சேரும் இடத்தை நெருங்கும்போது ‘வோ வோ வோ’ என்று ஓர் அதிர்வு கேட்கும், நெருங்க நெருங்க அது மெதுவாகி நின்றுபோகும். அங்கே நிறுத்தக் கூடாது. இன்னும் சற்றுக் கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி அதே இடத்துக்கு வாருங்கள். மேலிருந்து இறக்கியபடியே விட்டால் முறுக்காணியின் பல்லில் தொய்வு தங்கும், இரண்டு முறை பலமாக அடித்ததும் சுருதி இறங்கிவிடும். பெட்டியில் 9 என்று போட்டிருக்கும் மெல்லிய தந்திச் செட்டில் ஆறாவது தந்தி தளர்ந்து கரகரக்கும். 10 என்று போட்ட செட், அதாவது 0.010 முதல் 0.046 அங்குலம் வரையுள்ளது, டிராப் டியைத் தாங்கும்.

புதியவர்கள் இன்னொரு தப்பும் செய்வார்கள். கனமான ஒலி வேண்டும் என்று கெய்ன் குமிழை, அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழை, முழுக்கத் திருகுவது. தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். உச்சிகள் எல்லாம் தட்டையானபின் பலமாக அடிப்பதற்கும் மெல்ல மீட்டுவதற்கும் வித்தியாசமே இருக்காது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் காது கிட்டாரைத் தனியே பிரித்தெடுக்கிறது. பாதிக்கும் கீழே கெய்னை வைத்து, கையால் பலமாக அடிப்பதே வழி.

கடைசியாக, ஒலியின் ஏற்ற இறக்கம். சரணம் அடக்கமாக, பல்லவி வெடித்து. இது க்ரஞ்சின் பொதுவான உடல்மொழி.

ஆக, வெட்டுப்பட்ட அலை, ச-ப சேர்க்கை, இறக்கிய தந்தி, அடங்கி வெடிக்கும் அமைப்பு. சோகம் இதில் எங்கும் ஒரு பாகமாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த அளவுகோலை ‘அபவ்’ மேல் வைத்தால் சுவாரசியம். ‘லைஃப்லெஸ் டெட்’, ‘ஐ டோன்ட் நோ எனிதிங்’ இரண்டும் ரிஃப்பை மையமாக வைத்த கனமான பாட்டுகள், முழுக்க க்ரஞ்ச். ‘ஆர்ட்டிஃபிஷியல் ரெட்’ ஆறு நிமிடம் நடக்கும் மெதுவான ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகை. ‘லாங் கான் டே’யில் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா ஒலிக்கிறது, சாக்ஸஃபோன் வருகிறது. ‘நவம்பர் ஹோட்டல்’ பாட்டில் குரலே இல்லை, ஏழு நிமிடக் கருவியிசை. க்ரஞ்ச் என்பது இந்த ஆல்பத்தின் பிறந்த ஊர். பேசும் மொழி பல நேரம் வேறு.

## சூப்பர்குரூப்: நான்கு சமையல் மாஸ்டர்

ஏற்கெனவே வேறு குழுக்களில் பெயர் வாங்கியவர்கள் சேர்ந்து அமைக்கும் குழு சூப்பர்குரூப். 1966இல் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் சேர்ந்த க்ரீம் குழுவை இதற்கு முதல் பெரிய உதாரணமாகச் சொல்வார்கள்.

ஒரு கல்யாண வீட்டுக்கு நான்கு பெயர்பெற்ற சமையல் மாஸ்டர்களை ஒரே நேரத்தில் வரவழைத்தால் என்ன ஆகும்? ஒருவர் சாம்பாருக்குப் பேர்போனவர், ஒருவர் பாயசத்துக்கு. நாலு பேரும் தங்கள் கைமணத்தைக் காட்டத் துடிப்பார்கள். இலை நிறையும், சாப்பாடு ஒன்றோடொன்று சேராது. பெரும்பாலான சூப்பர்குரூப் ஆல்பங்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. ஒவ்வொரு பாட்டிலும் எல்லோருக்கும் ஒரு தனி வாசிப்பு, எல்லோரும் முன்வரிசையில். கூட்டிப் பார்த்தால் நிறைய இருக்க வேண்டும், ஆனால் இருக்காது.

நடக்க வேண்டியது கழித்தல். தங்கள் சொந்தக் குழுவில் எதைச் செய்தே தீர வேண்டுமோ, அதை இங்கே செய்யாமல் விட அனுமதி கிடைப்பதுதான் சூப்பர்குரூப்பின் நிஜப் பயன். மேட் சீசன் எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால் இது தெளிவாகும்.

1994இல் பேர்ல் ஜாம் அமெரிக்காவின் ஆகப்பெரிய ராக் குழுக்களில் ஒன்று. முந்தைய ஆண்டு வந்த அவர்களுடைய இரண்டாம் ஆல்பம் முதல் வாரத்திலேயே ஒன்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் கிட்டார் கலைஞர் மைக் மெக்ரெடி அந்த ஆண்டு மினசோட்டாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே ஜான் பேக்கர் சாண்டர்ஸைச் சந்தித்தார். சாண்டர்ஸ் ப்ளூஸ் வட்டாரத்தில் ஊறிய பேஸ் கலைஞர், ஊரறிந்த நட்சத்திரம் இல்லை. சியாட்டில் திரும்பியதும் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பேரட் மார்ட்டினைச் சேர்த்துக்கொண்டார்கள். பாடுவதற்கு ஆலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி. போதையிலிருந்து விடுபட்டவர்கள் நடுவில் இருந்தால் ஸ்டேலிக்கும் நல்லது நடக்கும் என்று மெக்ரெடி நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஆனால் இந்தக் குழு சேர்ந்ததற்கு அது ஒரு காரணம், புகழைக் கூட்டும் திட்டமல்ல.

முதல் நிகழ்ச்சி 1994 அக்டோபர் 12, சியாட்டிலின் க்ரோகடைல் கஃபேயில், முன்னறிவிப்பு இல்லாமல். அப்போது பெயர் வேறு. மேட் சீசன் என்ற பெயர் பிறகு வந்தது. இங்கிலாந்தில் போதைக் காளான் முளைக்கும் பருவத்தை அப்படிச் சொல்வதுண்டு. ஆல்பத்தைச் சியாட்டிலின் பேட் அனிமல்ஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள், பேர்ல் ஜாமின் ஒலிப்பொறியாளர் பிரெட் எலியசன் தயாரிப்பில் உடனிருந்தார். இரண்டே ஒத்திகை, ஒரு வாரத்தில் இசைப்பதிவு, குரலுக்கு இன்னும் சில நாள் என்று மெக்ரெடி பின்னர் கணக்குச் சொன்னார்.

இப்போது கழித்தலைக் கவனியுங்கள். பேர்ல் ஜாமில் மெக்ரெடியின் முதல் வேலை தனிவாசிப்பு, பாட்டின் அஸ்திவாரத்தைப் பெரும்பாலும் மற்றவர்கள் போடுவார்கள். இங்கே அஸ்திவாரம் அவர் கையில். அதனால் அடக்கமாக வாசிக்கிறார். மார்ட்டின் டிரம்ஸோடு நிற்காமல் மரிம்பா, உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் பக்கம் போகிறார், ஸ்க்ரீமிங் ட்ரீஸில் அதற்கு இடமே இல்லை. ஸ்டேலிக்கு ஆலிஸ் இன் செயின்ஸில் ஜெர்ரி கேன்ட்ரலோடு சேர்ந்து எழுத வேண்டும், சேர்ந்து பாட வேண்டும். இங்கே வரிகள் பெரும்பாலும் அவருடையவை. அட்டைப்படத்தைக்கூட அவரே வரைந்தார். சாண்டர்ஸோ எதையும் விட வேண்டியிருக்கவில்லை. என் கணிப்பில் இந்த ஆல்பத்தைத் தாங்கும் தூண் அவர்தான். ப்ளூஸ் கலைஞருக்கே உரிய பொறுமையோடு ஒரே அடியை நிமிடக்கணக்கில் வாசிக்கிறார், மற்ற மூவரும் அதன் மேல் நடமாடுகிறார்கள். சூப்பர்குரூப் வெற்றி பெற நட்சத்திரமில்லாத ஒருவர் உள்ளே வேண்டும் என்பது விதி இல்லை, ஆனால் விதியாக வைத்தாலும் தப்பில்லை.

ஒரு குறுக்குப் பேச்சு. க்ரஞ்ச் சூப்பர்குரூப் என்றதும் டெம்பிள் ஆஃப் தி டாக் பெயரும் வரும். மதர் லவ் போன் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச்சில் இறந்தார், அவர் நினைவாக அவருடைய அறைத்தோழரும் சவுண்ட்கார்டன் பாடகருமான கிறிஸ் கார்னெல் எழுதத் தொடங்கிய பாட்டுகள் அவை. ஆல்பம் 1991 ஏப்ரலில் வந்தது. அதில் வாசித்தவர்கள் சேர்ந்த பேர்ல் ஜாமின் முதல் ஆல்பமோ அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. வெளியான நாளில் அது சூப்பர்குரூப்பே இல்லை. அடுத்த ஆண்டு அவர்கள் புகழடைந்த பிறகு, பின்னோக்கி ஒட்டிய சீட்டு. மேட் சீசன் அப்படியல்ல, 1995இல் வாங்கியவர்களுக்கு உள்ளே யார் யார் என்று தெரியும். பில்போர்டு பட்டியலில் 24ஆம் இடம் வரை போனது, அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிக்கான தங்கச் சான்றும் அதே ஆண்டு கிடைத்தது.

சுருக்கமாக: சூப்பர்குரூப் என்பது பெயர்களின் கூட்டல் இல்லை, கடமைகளின் கழித்தல். எதை விட்டார்கள் என்று கேட்டால் எதைச் செய்தார்கள் என்பது தானாகப் புரியும்.

## அகநோக்கு: சோகம் வேறு, உள்ளே பார்ப்பது வேறு

அகம் என்றதும் நமக்குச் சங்கப் பாடல்களின் அகத்திணை ஞாபகம் வரும். அது காதல் வாழ்வைப் பாடுவது, இங்கே சொல்லவரும் பொருள் அதுவல்ல. ஆனால் ஓர் ஒற்றுமை உதவும். அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது மரபு. பெயர் போனதும் பாட்டு யாருக்கும் பொருந்துகிறது. ‘அபவ்’ ஆல்பத்தின் வரிகளிலும் ஆளின் பெயர், ஊர், சம்பவம் எதுவும் தலைநீட்டாது.

அகநோக்கு என்பதை இப்படி வைத்துக்கொள்வோம்: பாடுபவர் தன் நிலையைத் தானே விசாரிக்கும் பாட்டு. சாலையில் வண்டி மோதினால் இரண்டு விதமாகப் பேசலாம். “அவன் குறுக்கே வந்தான்” என்பது ஒன்று. “நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?” என்பது இன்னொன்று. முதல் பேச்சில் எவ்வளவு கண்ணீர் இருந்தாலும் அது புறம் பார்ப்பதுதான். இரண்டாவதில் கண்ணீரே இல்லாவிட்டாலும் அகநோக்கு.

இதற்கு ‘ரிவர் ஆஃப் டிசீட்’ பாட்டை நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஆல்பத்தின் பெயர்பெற்ற பாட்டு, வானொலிகளில் அதிகம் ஓடியது. அந்த நாள்களில் ஸ்டேலி கலீல் ஜிப்ரானின் ‘தீர்க்கதரிசி’யைப் படித்துக்கொண்டிருந்தார் என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். 1923இல் வந்த அந்த நூலில் வலியைப் பற்றிய பகுதியில், உன் வலியின் பெரும்பகுதி நீயே தேர்ந்தெடுத்தது என்ற கருத்து வருகிறது. ஸ்டேலி அதைப் பாட்டின் தொடக்கத்தில் தன்மேல் திருப்பிக்கொள்கிறார்: என் வலி நானே தேர்ந்தது, குறைந்தபட்சம் தீர்க்கதரிசி அப்படிச் சொல்கிறார். அந்த இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். முழுக்க ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “அவர் அப்படித்தான் சொல்கிறார், பார்ப்போம்” என்ற தொனி. தன்னையே விசாரிப்பவர் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார்.

வரியில் இருப்பதை ஒலியிலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கவிதை. இந்தப் பாட்டில் மூன்று வேலை நடக்கிறது.

ஒன்று, கிட்டார் டிஸ்டார்ஷனை விட்டுத் தெளிந்த ஒலிக்கு வருகிறது. மேலே சொன்ன ச-க சிக்கல் இப்போது இல்லை. எனவே பவர் கார்டை விட்டு முழு கார்டுகளைப் பயன்படுத்தலாம், அவை இன்பம், துன்பம் என்று நிறம் காட்டும். பவர் கார்டில் காந்தாரம் இல்லாததால் அது மகிழ்ச்சியா வருத்தமா என்றே சொல்லாது, கனம் மட்டும் காட்டும். தெளிந்த கிட்டார் மனநிலையைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு, இடைவெளி. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் ஒன்றும் நடக்காத கணங்கள் இருக்கின்றன. கத்திப் பேசுபவர் இடைவெளி விடமாட்டார். யோசித்துப் பேசுபவர்தான் விடுவார்.

மூன்று, குரல். சரணங்களில் ஸ்டேலி தாழ்ந்து, கிட்டத்தட்டப் பேசுவது போல் பாடுகிறார். பல்லவியில் குரல் அடுக்காகிறது. ஆலிஸ் இன் செயின்ஸில் அவர் குரலோடு கேன்ட்ரலின் குரல் இணைந்து வரும், ஒரே மெட்டை இரு வேறு உயரத்தில் பாடும் அந்த இணைப்புக்கு ஹார்மனி என்று பெயர். இங்கே கேன்ட்ரல் இல்லை. ஸ்டேலி தன் குரலோடு தானே சேர்ந்து பாடுகிறார். தனக்குத் தானே பதில் சொல்வது போல. தன்னை விசாரிக்கும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பதிவு செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குரலை அடுக்க வேண்டுமென்றால் அதே வரியை மறுபடியும் பாடித்தான் ஆக வேண்டும். கணினியில் முதல் பதிவை நகலெடுத்து அதன் மேலேயே ஒட்டினால் குரல் தடிக்காது, 6 டெசிபல் சத்தம் மட்டும் கூடும். மனிதர் இரண்டாம் முறை பாடும்போது நேரத்தில் நூலளவு முன்பின், சுருதியில் மயிரிழை வித்தியாசம் வரும். அந்தப் பிசிறுதான் தடிமன். பிசிறு அதிகமானாலும் ஆபத்து. ‘ஸ்’, ‘ட்’ போன்ற எழுத்துகள் இரண்டு முறை சொடுக்கும். இரண்டாம் பதிவில் அந்த எழுத்துகளை விழுங்கினாற்போல் பாடினால் சரியாகிவிடும்.

அகநோக்கு என்றால் ஒற்றைக் குரல்தான் என்றும் இல்லை. ‘லாங் கான் டே’, ‘ஐம் அபவ்’ இரண்டிலும் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் பாடகர் மார்க் லானெகன் வருகிறார். ஸ்டேலியின் குரல் மூக்கிலிருந்து கூர்ந்து வருவது, லானெகனின் குரல் அடிவயிற்றுக் கரகரப்பு. ‘லாங் கான் டே’யில் மரிம்பா நடைபோட, ஸ்கெரிக் என்ற கலைஞரின் சாக்ஸஃபோன் மெல்ல நுழைய, இருவரும் போய்விட்ட ஒரு நாளை நினைத்துப் பாடுகிறார்கள். வருத்தம் உண்டு. ஆனால் ‘ஐ டோன்ட் நோ எனிதிங்’கும் அதே அளவு அகநோக்குதான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று உறுமும் கிட்டார் நடுவே ஒத்துக்கொள்ளும் பாட்டு. சத்தம் கூடினால் அகநோக்கு குறையும் என்பது பொய்.

ஆக, பாட்டு யாரை விசாரிக்கிறது என்பதுதான் கேள்வி. வேகமும் சோகமும் அதற்கு அளவுகோல் இல்லை.

## பின்னாலிருந்து கேட்கும் பழக்கம்

சாண்டர்ஸ் 1999 ஜனவரியில் ஹெராயின் அளவு மீறி இறந்தார். ஸ்டேலி 2002 ஏப்ரலில் ஹெராயினும் கோகெய்னும் கலந்த போதையால். லானெகன் 2022 பிப்ரவரியில் மறைந்தார். இது தெரிந்தபின் பலர் ‘அபவ்’ ஆல்பத்தை ஒரு மரண சாசனமாகவே கேட்கிறார்கள். ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பு, ஒவ்வொரு மௌனமும் சகுனம் என்று.

அது ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயம். முதல் பாட்டின் தலைப்பு ‘விழித்தெழு’ என்பது. மெதுவாகத் தன்னை அழித்துக்கொள்வது வழியல்ல என்று அதில் வெளிப்படையாகவே பாடுகிறார். ஆல்பத்தின் பெயர் ‘மேலே’. 1994 குளிரில் ஸ்டுடியோவில் நின்றவர்களுக்கு 2002 தெரியாது. மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த இருவர் தொடங்கி வைத்த வேலை அது. எழ வேண்டும் என்ற ஆசையும் எழ முடியுமா என்ற ஐயமும் ஒரே வரிக்குள் இருப்பதால்தான் அந்த வரிகளுக்கு இன்றும் உயிர் இருக்கிறது. ஆசையை அழித்துவிட்டு ஐயத்தை மட்டும் கேட்டால் பாதிப் பாட்டுதான் கேட்கும்.

## கேட்கும்போது

கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகக்கீழ்ச் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேல் மடங்குகளை வைத்துக் காது ஏதோ ஊகிக்கும், ஆனால் சாண்டர்ஸின் வாசிப்பு உடம்பில்லாத நிழலாகத்தான் வரும். ‘வேக் அப்’ மொத்தமும் அவர் தோளில் இருப்பதால் பாட்டே ஒன்றுமில்லாதது போல் தோன்றும். சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும். ஈக்வலைசரில் பேஸைக் கூட்ட வேண்டாம், கூட்டினால் லானெகனின் குரல் வீங்கி மரிம்பாவை மூடிவிடும்.

புதியவர்கள் ‘ரிவர் ஆஃப் டிசீட்’, ‘லாங் கான் டே’, ‘லைஃப்லெஸ் டெட்’ மூன்றையும் முதலில் தனித்தனியாகக் கேட்கலாம். தெளிந்த கிட்டார், கிட்டாரே முன்னால் இல்லாத பாட்டு, முழு டிஸ்டார்ஷன் என்று மூன்று முனைகளும் பிடிபடும். பிறகு முழு ஆல்பத்தை வரிசை மாற்றாமல். ஷஃபிள் போட்டால் ‘நவம்பர் ஹோட்டல்’ எங்காவது நடுவில் விழுந்து வெறும் நீண்ட வாசிப்பாகத் தோன்றும். அது ஒன்பதாவதாக வருவதற்குக் காரணம் உண்டு. எட்டுப் பாட்டு பேசியபின் பேச்சை நிறுத்துகிற இடம் அது.

ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் 2013இல் வந்த விரிந்த பதிப்புதான் முதலில் கிடைக்கும். முடியாமல் நின்ற இரண்டாம் ஆல்பத்துக்கான இசைக்கு லானெகன் பிற்காலத்தில் குரல் கொடுத்த மூன்று பாட்டுகள் அதில் உண்டு. 1995 ஏப்ரல் 29 அன்று சியாட்டிலின் மூர் தியேட்டரில் நடந்த கச்சேரியும் உண்டு. இரண்டும் கேட்க வேண்டியவையே, ஆனால் இன்னொரு நாள். பத்தாவது பாட்டு ‘ஆல் அலோன்’. வரிகள் மிகக் குறைவு, குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மிதக்கின்றன, வெடிப்பு எதுவும் இல்லாமல் அடங்குகிறது. அது அடங்கும் முன்பே அடுத்த பாட்டு வந்து இடிக்காமல் இருக்க ஆட்டோபிளேயை முன்கூட்டியே அணைத்து வைத்துவிடுங்கள்.